கேட்கக் கற்ற போதகர்

ஓர் ஊழியர் எதைப் போதித்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எத்தனை ஆலயங்களை எழுப்பினார் என்பவற்றைக் கொண்டே அவருடைய பணியை அளப்பது திருச்சபை வரலாறுகளின் வழக்கம். கேட்க வந்தோர் அனைவரும் பிறருடைய உடைமைகளாக இருந்த இடத்தில், அவர்கள் எந்த வேதப்பகுதியைக் கேட்கலாம், எந்த நேரத்தில் கேட்கலாம் என்பவற்றை அவர்களுடைய எசமானர்களே தீர்மானித்த இடத்தில், இந்த அளவுகோல் போதாது. அங்கே போதகர் சொன்னவற்றைவிட அவர் காதில் விழுந்தவையும், விழுந்தவற்றை அவர் என்ன செய்தார் என்பதுமே முதன்மை பெறுகின்றன. தென்னமெரிக்காவின் வடகரையில், இன்று கயானா எனப்படும் நாட்டின் பகுதியாக உள்ள தெமராராவில், 1817 முதல் 1823 வரை தோட்ட அடிமைகளிடையே ஊழியம் செய்து, 1824இல் மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இறந்த ஜான் ஸ்மித்தின் வாழ்வை இந்த நோக்கில் மீண்டும் படிப்பது தகும்.

தெமராராவின் கடற்கரை நிலம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் தாழ்ந்தது. சதுப்பாகக் கிடந்த அந்தக் கரையை டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு முறைப்படி அணையிட்டு, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து விளைநிலமாக்கினர். திட்டம் டச்சுக்காரருடையது, மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள். கயானாவின் வரலாற்றறிஞர் வால்டர் ராட்னி, ஒரு சதுர மைல் கரும்பு நிலத்துக்கு 49 மைல் வடிகால்களும் 16 மைல் மேல்மட்ட நீர்வழிகளும் தேவைப்பட்டன என்றும், அதற்காக அடிமைகள் வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் புரட்டிய களிமண் குறைந்தது பத்துக் கோடி டன் இருக்கும் என்றும் கணக்கிட்டார். 1814இல் இந்தக் குடியேற்றம் முறைப்படி பிரிட்டனுக்குக் கைமாறியபோது, கரைநெடுகக் கடலை நோக்கிய குறுகிய முகப்பும் உள்நாடு நோக்கி நீளும் உடலுமாக நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அடுக்கடுக்காக அமைந்திருந்தன. 1823 வாக்கில் தெமராரா, எசெக்கிபோ ஆகிய இரு பகுதிகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 77,000 அடிமைகளும், வெறும் 2,500 வெள்ளையரும், ஏறக்குறைய அதே தொகையினரான விடுதலைபெற்ற கறுப்பின, கலப்பின மக்களும் வாழ்ந்தனர். முப்பது பேரை ஒருவர் அடக்கி ஆள்வதற்கு அங்கே கையாளப்பட்ட அன்றாடக் கருவி சாட்டை.

கிழக்குக் கரையில் லெ ரெசூவெனிர் என்ற தோட்டத்தின் உரிமையாளரான ஹெர்மானஸ் போஸ்ட் என்னும் டச்சுக்காரர், தம் அடிமைகளுக்கு மதபோதனை வேண்டுமெனக் கருதி லண்டன் மிஷனரி சங்கத்துக்கு எழுத, 1808இல் ஜான் ரே என்ற போதகர் வந்துசேர்ந்தார். அந்தச் சங்கம் 1795இல் பல புராட்டஸ்டண்ட் பிரிவினரும் கூடி அமைத்தது. நிலவுடைமையாளரோ பல்கலைக்கழகப் பட்டதாரிகளோ அல்லாத, கைத்தொழில் செய்து பிழைத்த எளிய மனிதர்களையே பெரும்பாலும் அது வெளிநாடுகளுக்கு அனுப்பியது. போஸ்ட் தம் நிலத்தில் கட்டிய சிற்றாலயத்துக்குப் பெத்தேல் என்று பெயரிடப்பட்டது. ரே பெர்பிஸ் பகுதிக்குச் சென்றபின், அவ்விடத்துக்கு 1817 பிப்ரவரியில் தம் மனைவி ஜேனுடன் வந்தவரே ஜான் ஸ்மித். அவர் 1790இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ராத்வெல் என்ற ஊரில் பிறந்தவர். ஞாயிறு பள்ளியில் எழுதப் படிக்கக் கற்று, ரொட்டி சுடும் தொழிலில் பயிற்சியாளராக இருந்தவர். ஆளுநர் ஜான் மரேயைச் சந்திக்கச் சென்ற முதல் நாளிலேயே, எந்த அடிமைக்காவது வாசிக்கக் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவந்தால் உடனே நாடுகடத்தப்படுவீர் என்ற எச்சரிக்கை அவருக்குக் கிடைத்தது.

ஆளுநரின் எச்சரிக்கைக்குச் சற்றும் குறையாத கட்டுப்பாட்டை அவரை அனுப்பிய சங்கமும் விதித்திருந்தது. அடிமைகள் தங்கள் எசமானர்மீது வெறுப்போ தங்கள் நிலைமீது அதிருப்தியோ கொள்ளும்படியான ஒரு சொல்லும் பொதுவிலோ தனிமையிலோ வாயிலிருந்து வரக்கூடாது என்றும், அவர்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்க அவர் அனுப்பப்படவில்லை, மதத்தின் ஆறுதலை அவர்களுக்கு அளிக்கவே அனுப்பப்படுகிறார் என்றும் எழுத்துமூலமாக அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. தோட்டக்காரர்களின் தயவின்றி எந்த மிஷனரியும் அங்கே கால் வைக்க முடியாது என்பதால் சங்கம் இந்த விலையைக் கொடுத்தது. அக்காலத்தில் இது ஒரு சங்கத்தின் தனிப்பட்ட கோழைத்தனமாகவும் இருக்கவில்லை. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தொகுக்கப்பட்ட ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. முழு வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களில் 232 அதிகாரங்களின் பகுதிகள் மட்டுமே அதில் இடம்பெற்றன. பார்வோனின் பிடியிலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய வரலாற்றைச் சொல்லும் யாத்திராகமத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டிருந்தது.

ஸ்மித்தும் தம் வேதாகமத்தைத் தாமே வெட்டிக்கொண்டார். 1817 ஆகஸ்டு மாதத்து நாட்குறிப்பு ஒன்றில், ஆலயத்தில் ஆதியாகமத்தைத் தொடர்ந்து வாசித்து விளக்கிவந்த அவர், 13ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைத் தாண்டி 15ஆம் அதிகாரத்துக்குச் சென்றுவிட்டதாக எழுதுகிறார். தாண்டப்பட்ட பகுதியில் தேவன் ஆபிரகாமை நோக்கி, அவன் கண்ணுக்கு எட்டிய கானான் தேசம் முழுவதையும் அவனுக்கும் அவன் சந்ததிக்கும் தருவதாக வாக்களிக்கிறார். முற்பிதாக்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் சில கிறித்தவர்களுக்கும் பொருந்தும் என்று அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால், நிலம் தருவேன் என்ற வாக்கைக் கேட்பவர்கள் தாம் விரும்பாத வகையில் பொருள்கொண்டுவிடுவார்கள் என்று அஞ்சியதாக அவரே காரணமும் தருகிறார். இந்தக் குறிப்பு ஸ்மித்தின் அச்சத்தை மட்டும் காட்டவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டு, நாள்முழுதும் கரும்புக் கொல்லையிலும் ஆலையிலும் உழைத்து, ஞாயிற்றுக்கிழமை பல மைல் நடந்துவந்து பலகைகளில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த அந்த மனிதர்கள், வேதத்தைத் தங்கள் நிலையோடு பொருத்திப் படிக்க வல்லவர்கள் என்பதை வந்து ஆறு மாதத்துக்குள் அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கும் இதுவே சான்று. அவர் எதை அஞ்சினாரோ அதுவே அவர்களுடைய அறிவுக்கு அவர் தம்மையறியாமல் எழுதித்தந்த நற்சான்றாக அமைந்துவிட்டது.

வாயால் சொல்லாத ஒன்றை ஆலயத்தின் அமைப்பே சொல்லிக்கொண்டிருந்தது என்பது கவனிக்க வேண்டிய அடுத்த உண்மை. பெத்தேல் சபையின் நடைமுறை எளியது. ஒவ்வொரு தோட்டத்திலும் சற்றுத் தேர்ந்தவர் ஒருவர் வினாவிடை முறையில் மற்றவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். தேறியவர்கள் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களில் நன்னடத்தை உள்ளவர்கள் திருவிருந்தில் சேர்க்கப்பட்டனர். சபையினரே கூடித் தங்களுக்குள் உதவிக்காரர்களைத் தெரிந்துகொண்டனர். ஆணும் பெண்ணும் போதகர் முன்னிலையில் மணம்புரிந்துகொண்டனர். ஏழைகளாகிய அவர்கள் காணிக்கையும் கொடுத்தனர். இவற்றில் ஒன்றுகூட அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வெவ்வேறு எசமானர்களுக்குச் சொந்தமான ஆட்களை ஒரே இடத்தில் கூட்டிய எதுவும், எசமானர் நியமிக்காத தலைவர்களை உண்டாக்கிய எதுவும், விற்கப்படவும் பிரிக்கப்படவும் கூடிய இருவரைக் கணவன் மனைவி என்று தேவன் பெயரால் அறிவித்த எதுவும், தோட்டத்தின் ஒழுங்கோடு உடன்பட்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையே இதன் உச்சம். சட்டப்படி அந்நாள் ஓய்வுநாளாக இருந்தும், முடியாமல் மீந்த வேலையை அன்று செய்து முடிக்குமாறு தோட்ட மேலாளர்கள் கட்டாயப்படுத்தினர். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்க வேண்டும் என்ற கட்டளையைப் போதகர் கற்பிக்கும்போதெல்லாம், வாரத்தில் ஒரு நாளேனும் எசமானுக்குச் சொந்தமில்லை என்ற செய்தியும் உடன் சென்றது.

அவர் கேட்டவற்றுக்கு அவருடைய நாட்குறிப்பே ஆவணம். பெத்தேல் ஆலயமும் போதகர் வீடும் தோட்டத்துக்குள்ளேயே இருந்ததால், தண்டனை கொடுக்கப்படும் ஓசை அவர் மேசைவரை எட்டியது. காலையில் எழுந்ததும் வழக்கம்போல் முதலில் காதில் விழுந்தது சாட்டையொலிதான் என்றும், ஆறரை மணி முதல் ஒன்பதரை மணிவரை அது ஓயவில்லை என்றும் ஒருநாள் எழுதுகிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே இடைவிடாத சாட்டையொலியால் நெஞ்சு படபடக்கிறது என்று மற்றொரு நாள். அளவுக்கு மீறிய வேலை, கடுந்தண்டனை, ஆலயத்துக்குப் போனதற்காகவே விதிக்கப்பட்ட தண்டனை ஆகியவற்றைப் பற்றிச் சபையினர் கொண்டுவந்த முறையீடுகள் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. இவர்கள் விரைவில் தங்களுக்கு இழைக்கப்படும் தீங்குகளுக்கு எதிராக எழக்கூடும் என்றும், இதை அதிகாரிகளிடம் சொல்லக் கடமைப்பட்டிருந்தும் சொன்னால் தம் வாயை அடைக்கவே முனைவார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆறுதல் சொல்ல அனுப்பப்பட்டவர் முறையீடுகளைக் கேட்பவராக மெல்ல மாறிக்கொண்டிருந்ததை இந்தக் குறிப்புகளில் காணலாம்.

அந்த மாற்றத்தின் ஆழம் குவாமினா என்பவரைப் பற்றிய குறிப்புகளில் தெரிகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குவாமினா, அண்டையிலிருந்த சக்சஸ் தோட்டத்தின் தலைமைத் தச்சர். பெத்தேல் சபையின் முதன்மை உதவிக்காரர். ஸ்மித்தின் நம்பிக்கைக்கு மிகவும் உரியவர். அந்தத் தோட்டம் லிவர்பூல் வணிகரான ஜான் கிளாட்ஸ்டனுக்குச் சொந்தமானது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன் அவருடைய மகன். 1822இல் குவாமினாவின் மனைவி பெக்கி நோயுற்றுப் படுத்தார். அவரருகில் இருந்து பார்த்துக்கொள்ளக் குவாமினாவுக்கு ஒருநாள் அனுமதியும் கிடைக்கவில்லை. காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புவதே நியதியாக இருந்தது. ஒரு மாலை அவர் வேலைமுடிந்து வீடு வந்தபோது பெக்கி இறந்துகிடந்தார். உதவிக்காரராக எத்தனையோ நோயாளிகளின் படுக்கையருகே நின்று ஜெபித்தவருக்குத் தம் மனைவியின் கடைசி நேரத்தில் அருகிருக்க வாய்க்கவில்லை. இந்தச் சாவைப் பதிவுசெய்தபோது, மதத்தின் ஆறுதல் என்று தமக்குக் கொடுத்தனுப்பப்பட்ட சரக்கு எவ்வளவு போதாதது என்பதை ஸ்மித் உணராதிருந்திருக்க முடியாது.

சில ஆண்டுகளுக்குப் பின் இதே பணியைச் செய்த வேறொருவரோடு அவரை ஒப்பிடுவது பயன் தரும். வட அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து லிபர்ட்டி மாவட்டத்தில், பிரெஸ்பிட்டேரியன் போதகரான சார்லஸ் கால்காக் ஜோன்ஸ், 1830களில் அடிமைகளுக்கான மதபோதனையையே தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். அவர்களுக்கென ஞானோபதேசப் புத்தகம் எழுதினார். மதபோதனை பற்றிய அவருடைய நூல் 1842இல் வெளிவந்தது. இளமையில் அடிமைமுறை சரியா என்ற ஐயம் அவரை வாட்டியதைக் கடிதங்கள் காட்டுகின்றன. ஆயினும் அவர் இறுதிவரை மூன்று தோட்டங்களுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கும் உரிமையாளராகவே இருந்தார். 1833இல் பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை எடுத்துக்கொண்டு, ஓடிப்போவது பாவம் என்று அவர் பிரசங்கித்தபோது, கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து நடந்தனர். எஞ்சியவர்களில் சிலர் அப்படி ஒரு நிருபம் வேதத்திலேயே இல்லை என்றும், சிலர் அது சுவிசேஷமே அன்று என்றும், சிலர் எசமானர்களைப் பிரியப்படுத்தவே அவர் பேசுகிறார் என்றும் சொன்னதாக அவரே நேர்மையுடன் எழுதிவைத்தார். எழுதிவைத்தபின் தம் வழியிலேயே தொடர்ந்தார். ஜோன்ஸும் கேட்டவர்தான், கேட்டது அவரை அசைக்கவில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு கொள்கையில் இல்லை, ஏனெனில் வெளிப்படையாக இருவரும் கீழ்ப்படிதலையே போதித்தனர். ஒருவர் கேட்டவற்றால் தம் அமைதியை இழந்தார், மற்றவர் இழக்க மறுத்தார் என்பதே வேறுபாடு.

1823ஆம் ஆண்டு மே மாதம் இரண்டு செய்திகள் எதிரெதிர்த் திசைகளில் பயணப்பட்டன. தெமராராவில் ஆளுநர் மரே, மேலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி எந்த அடிமையும் ஆலயத்துக்குச் செல்லக்கூடாது என்று ஆணையிட்டார். லண்டனில் நாடாளுமன்றம் அடிமைகளின் நிலையைப் படிப்படியாகச் சீர்ப்படுத்தும் தீர்மானங்களை நிறைவேற்றியது. பெண்களைச் சாட்டையால் அடிப்பதை நிறுத்த வேண்டும், வயலுக்குச் சாட்டையை எடுத்துச்செல்லக் கூடாது என்ற அறிவுறுத்தல்கள் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அந்த அறிவுறுத்தல்கள் ஜூலையில் தெமராராவை அடைந்தபோது அதிகாரிகள் அவற்றை வெளியிடாமல் காலந்தாழ்த்தினர். ஆனால் எசமானர்களின் உணவுமேசையருகே நின்ற பணியாட்களுக்குக் காதுகள் இருந்தன. அரசர் விடுதலை கொடுத்துவிட்டார், இங்குள்ளவர்கள் அதை மறைக்கிறார்கள் என்ற பேச்சு தோட்டந்தோறும் பரவியது. குவாமினாவின் மகன் ஜாக் கிளாட்ஸ்டன் எழுச்சிக்குத் திட்டமிட்டவர்களில் முதல்வர். எசமானின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்தவர். குவாமினா பொறுத்திருக்கவும், வேலைநிறுத்தம் செய்யவும், இரத்தம் சிந்தாதிருக்கவும் வலியுறுத்தினார். ஆகஸ்டு 17, ஞாயிறன்று ஸ்மித், எருசலேம் நகரைப் பார்த்து இயேசு கண்ணீர்விட்டதைச் சொல்லும் லூக்கா 19ஆம் அதிகாரத்தின் வசனங்களை எடுத்துப் பிரசங்கித்தார். மறுநாள் மாலை எழுச்சி தொடங்கியது.

கிழக்குக் கரையின் ஏறத்தாழ 60 தோட்டங்களைச் சேர்ந்த 10,000 முதல் 12,000 வரையிலான அடிமைகள் அதில் பங்கேற்றனர். அவர்கள் வெள்ளை மேலாளர்களைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டினர். கால்களைத் துளையிட்ட கட்டைகளுக்கிடையே பூட்டும் இந்தத் தண்டனைக் கருவியில் அதுவரை மாட்டப்பட்டிருந்தவர்கள் அடிமைகளே. துப்பாக்கிகளைக் கைப்பற்றினர், ஆனால் பழிதீர்க்கும் கொலைகளில் இறங்கவில்லை. எழுச்சியில் இறந்த வெள்ளையர் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. ஆகஸ்டு 20 அன்று பேச்சலர்ஸ் அட்வென்ச்சர் என்ற தோட்டத்தருகே ஏறத்தாழ 2,000 பேர் கூடி நின்று, விடுதலையும், அது இல்லையென்றால் ஞாயிறு தவிர வாரத்தில் சில நாட்கள் தங்களுக்கென்றும் கேட்டபோது, படைத்தலைவர் லீஹி சுடும்படி கட்டளையிட்டார். அன்று மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த வாரங்களில் தூக்கிலிடப்பட்டோரின் தலைகள் சாலையோரக் கம்பங்களில் வைக்கப்பட்டன. செப்டம்பர் 16 அன்று, காட்டில் தேடிச் சென்றவர்கள் குவாமினாவைச் சுட்டுக்கொன்று, உடலைச் சங்கிலியில் பிணைத்துச் சக்சஸ் தோட்டத்தின் முன்னே தொங்கவிட்டனர். ஜாக் கிளாட்ஸ்டன் செயின்ட் லூசியா தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஆகஸ்டு 21 அன்று கைதான ஸ்மித்தை இராணுவ நீதிமன்றம் அக்டோபர் 13 முதல் நவம்பர் 24 வரை விசாரித்தது. அடிமைகளிடையே அதிருப்தியைத் தூண்டினார், குவாமினாவோடு கலந்துபேசினார், எழுச்சியை முன்கூட்டி அறிந்திருந்தும் அறிவிக்கவில்லை என்பன குற்றச்சாட்டுகள். அரசுத் தரப்பின் முதன்மையான ஆவணம் அவருடைய நாட்குறிப்பு. சாட்டையொலியைக் கேட்டு அவர் எழுதிய வரிகளும், கானான் வாக்குறுதியைத் தாண்டிச் சென்றதைச் சொல்லும் வரிகளும் நீதிமன்றத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டாமலிருக்க அவர் எடுத்துக்கொண்ட எச்சரிக்கையே அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியாக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவான ஆஸ்டின், கிளர்ந்தெழுந்தவர்கள் இரத்தம் சிந்தாமல் இருந்ததற்கு அவர்கள் பெற்றிருந்த மதபோதனையே காரணம் என்று துணிந்து சாட்சி சொன்னார். அதற்காகக் குடியேற்றக்காரர்களின் வெறுப்பையும் சம்பாதித்தார். கருணைக்கான பரிந்துரையோடு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முன்பே காசநோயால் நலிந்திருந்த ஸ்மித், 1824 பிப்ரவரி 6 அன்று சிறையிலேயே இறந்தார். தண்டனையை நீக்கிய அரச ஆணை அதன்பிறகே லண்டனில் கையெழுத்தானது. விடியுமுன் இருளில் அவர் உடல் புதைக்கப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் செல்ல மனைவிக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் ஜேன் விளக்கொளியில் கல்லறைக்கு நடந்தார். சபையைச் சேர்ந்த ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் அவ்விடத்தை அடையாளப்படுத்த எழுப்பிய வேலியையும் கட்டுமானத்தையும் அதிகாரிகள் இடித்துத் தள்ளினர்.

பிரிட்டனில் ஸ்மித்தின் மரணம் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1824 ஜூனில் ஹென்றி புரூம் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் 193க்கு 146 என்ற வாக்குக் கணக்கில் தோற்றாலும், தெமராராவின் இரத்தசாட்சி என்ற பெயர் ஸ்மித்துக்கு நிலைத்தது. அடிமை ஒழிப்பு இயக்கம் அதன்பின் வேகம்கொண்டது. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், சிறையில் நோயால் இறந்த ஒரு வெள்ளைப் போதகருக்காக எழுந்த அழுகை, சாலையோரத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான அடிமைகளுக்காக எழவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. இரத்தசாட்சி என்ற சொல் அவருக்குப் பொருந்துமானால், மகன் தீட்டிய திட்டத்தில் கொலையைத் தவிர்க்கப் போராடி, பிறகு மகனோடும் மக்களோடும் நின்று உயிர்விட்ட குவாமினாவுக்கு அது அதைவிடப் பொருந்தும். கயானா விடுதலைபெற்ற பிறகே இந்தச் சமநிலை ஓரளவு சீரானது: ஜார்ஜ்டவுன் நகரில் ஆளுநர் மரேயின் பெயரைத் தாங்கியிருந்த தெரு 1985இல் குவாமினா தெரு ஆயிற்று.

அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டபோது இழப்பீடு கிடைத்தது எசமானர்களுக்கே. ஜான் கிளாட்ஸ்டன் 2,508 அடிமைகளுக்காக ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுனுக்கு மேல் பெற்றார். அடிமைகளின் இடத்தை நிரப்ப அவர் இந்தியாவை நோக்கித் திரும்பினார். அவருடைய முயற்சியால் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 400 ஒப்பந்தக் கூலிகளுடன் புறப்பட்ட இரு கப்பல்கள் 1838 மே 5 அன்று தெமராராவை அடைந்தன. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் அதே தோட்டங்களுக்கு ஏற்றிச்செல்லப்பட்டனர். கயானாவில் இன்றும் தொடரும் மாரியம்மன் வழிபாடு அவர்கள் கொண்டுசென்றது. குவாமினாவின் மக்கள் வெட்டிய வாய்க்கால்களில் தூர்வாரியவர்கள் அவர்கள். 2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் ஜார்ஜ்டவுனுக்கு வந்து, அடிமைமுறையில் தங்கள் முன்னோரின் பங்குக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டனர்.

தமிழ் நிலத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ஸ்மித்தை அனுப்பிய அதே லண்டன் மிஷனரி சங்கமே, அதே ஆண்டுகளில், தென் திருவிதாங்கூரில் சார்லஸ் மீட் முதலியோரைப் பணியமர்த்தியிருந்தது. தெமராராவில் எழுச்சி நடந்த காலத்தை ஒட்டி, 1822–23இல் அங்கே, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தின் முதற்கட்டம் நிகழ்ந்தது. அங்கும் மிஷனரிகள் சாதி ஒழுங்கைக் கவிழ்க்கவேண்டும் என்று வந்தவர்கள் அல்லர். ஆலயத்துக்கு மேலாடை அணிந்துவந்த பெண்களும், ஞாயிற்றுக்கிழமை ஊழியம் எனப்பட்ட கூலியில்லா வேலைக்குப் போக மறுத்த ஆண்களுமே போதனையின் உட்பொருளைச் செயலில் காட்டினார்கள். இரு நிலங்களின் கொடுமைகளும் வெவ்வேறானவை. அடிமைச் சந்தையையும் சாதியையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடக்கப்பட்டவர்களிடம் ஒரு வேதம் போய்ச்சேர்ந்தபோது, அதை யார் கொடுத்தார்கள் என்பதைவிட யார் படித்தார்கள் என்பதே அதன் பொருளைத் தீர்மானித்தது என்ற அளவில் இரண்டும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன.

ஸ்மித் கலகத்தைத் தூண்டினாரா என்ற பழைய கேள்வியை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அந்தக் கேள்வியே பிழையானது என்பது தெளிவாகும். தூண்டினார் என்று தண்டித்த தோட்டக்காரர்களும், தூண்டவில்லை என்று வாதாடிய அவருடைய ஆதரவாளர்களும் ஓர் அனுமானத்தில் ஒத்துப்போனார்கள்: அடிமைகள் யாராவது தூண்டினால்தான் எழுவார்கள் என்பதே அது. சாட்டையும், பெக்கியின் மரணமும், மறைக்கப்பட்ட லண்டன் அறிவுறுத்தல்களும் கண்முன் இருந்தபோது, விடுதலை வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தரப் போதகர் தேவைப்படவில்லை. பெத்தேல் அவர்களுக்குக் கொடுத்தது கூடுவதற்கு ஓரிடம், தெரிந்துகொண்ட தலைவர்கள், தங்கள் வழக்கை எடுத்துரைக்கத் தக்க மொழி ஆகியவையே. அந்த மொழியில் அவர்கள் தாங்களே பேசினார்கள்; துப்பாக்கி கையில் இருந்தும் கொல்லாமல் நின்ற அவர்களுடைய கட்டுப்பாடு, கிறித்தவப் போதனைக்கு அந்தக் குடியேற்றத்தில் கிடைத்த ஆகச்சிறந்த விளக்கவுரை.

அப்படியானால் ஸ்மித்தின் பெருமை எதில் இருக்கிறது? அவர் விடுதலை வீரர் அல்லர். தம் வேதத்தில் சில பக்கங்களை மூடிவைத்தவர். ஆனால் சபை நடத்த அனுமதி தந்த எசமானர்களின் பக்கம் காதைத் திருப்பிக்கொள்வது எளிதாக இருந்தும், அவர் பலகையில் அமர்ந்திருந்தவர்களின் பக்கமே திருப்பினார். கேட்டதை மறக்காமலிருக்க எழுதினார். எழுதியது தமக்கெதிராக வாசிக்கப்பட்டபோதும் அதை மறுத்துரைக்கவில்லை. அடிமைகளின் முறையீட்டைப் பதிவுசெய்ய எந்த நீதிமன்றமும் அக்கறைகொள்ளாத ஊரில், சாட்டையொலியும் பெக்கியின் பெயரும் இன்று நமக்குத் தெரியவருவது அந்த நாட்குறிப்பால். அடக்குமுறைக்குள் நின்று ஊழியம் செய்யும் எவருக்கும், அது தோட்டமானாலும் சிறையானாலும் சேரியானாலும், எசமானன் விதிக்கும் முதல் நிபந்தனை எதைப் பேசக்கூடாது என்பதாகவே இருக்கும்; அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டு உள்ளே போனவர்களை அதற்காக மட்டும் பழிப்பது எளிது. உள்ளே போனபின் அவர்கள் யாருக்குச் செவிகொடுத்தார்கள், கேட்டது அவர்களை எவ்வளவு மாற்ற அனுமதித்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பவற்றைக் கொண்டே அவர்களை அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் ஜான் ஸ்மித் தேறுகிறார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் குவாமினாவும் பெத்தேல் சபையாரும்.